இல்லாத கிளிக்கு ஒரு மிளகாய்

அத்தியாயம் – 6

வாட்ச்மேனின் தடி என் இடது தோளில் இறங்கியபோதுதான், "நாங்க துப்பறியறவங்க" என்ற வாக்கியத்தை பைக்கை நிறுத்துவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"பிள்ளை பிடிக்கிற பயலே! மறுபடியும் வந்துட்டியா?"

அடுத்த அடி முழங்காலில் விழுந்தது. பள்ளிக்கூட வாசலில், அத்தனை ஜன்னல்களிலிருந்தும் குழந்தைகள் எட்டிப் பார்க்க, நான் ஒற்றைக் காலில் குதித்தேன். பின்சீட்டிலிருந்து அண்ணி நிதானமாக இறங்கினார். கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டார்.

"போதும்யா. ரிப்பேர் செலவு என் தலையிலதான் விழும்" என்றார்.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. பெண்கள் சிறையில் வார்டனாக இருந்தவர். அந்த வேலையை உதறிவிட்டுச் சொந்தமாகத் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறார். சிறையிலிருந்து ஞாபகார்த்தமாக எடுத்து வந்த ஒரு கனத்த பித்தளைப் பூட்டு எப்போதும் அவர் கைப்பையில் இருக்கும். அண்ணன் ஊர் ஊராகப் போய் லிஃப்ட் மாட்டுகிறான். நான் அண்ணியிடம் உதவியாளன். வேலையை நியாயமாகத்தான் பிரித்துக்கொண்டிருக்கிறோம். யோசிப்பது அவர், அடி வாங்குவது நான்.

அன்று காலை இந்தப் பள்ளியிலிருந்து ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியைக் கடத்தியிருந்தார்கள். அவள் அம்மா ஒரு பெரிய மருந்துக் கிடங்கின் பொறுப்பாளர். போதைக்கு ஆகக்கூடிய வலி மருந்துகளையெல்லாம் அடுக்கி வைத்திருக்கும் இரும்பு அறையின் சாவி அவரிடம்தான் இருந்தது. சாயங்காலம் ஷிஃப்ட் மாறும் சங்கு ஊதியதும் அந்த அறையையும் பின்கேட்டையும் திறந்துவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டுமாம். திறக்காவிட்டால் மகளின் விரல்கள் பார்சலில் வரும், போலீசுக்குப் போனால் தலையே வரும் என்று போனில் சொல்லியிருந்தார்கள். அவர் போலீசுக்குப் போகவில்லை, அண்ணியைக் கூப்பிட்டார்.

வாட்ச்மேன் தடியைக் கீழே போட்டுவிட்டு அழ ஆரம்பித்தார்.

"அவங்க அம்மாதாங்க போன் பண்ணாங்க. தினமும் கேக்கற குரலுங்க, எனக்குத் தெரியாதா? 'அவசரம், சாம்பல் கலர் கார் வரும், பாப்பாவ அனுப்பிடுங்க'ன்னாங்க. எதுக்கும் இருக்கட்டும்னு பாப்பா கையிலயே போனைக் குடுத்தேன்."

"பாப்பா என்ன பேசினா?" என்று கேட்டார் அண்ணி.

"'கிளிக்கு மிளகாய் வச்சியாம்மா?'ன்னு கேட்டுச்சுங்க. 'வச்சிட்டேன் கண்ணு'ன்னு பதில் வந்துச்சு. பாப்பாவுக்கு ஒரே சிரிப்பு. போனைக் குடுத்துட்டு ஓடிப்போய் கார் கதவைத் திறந்து உள்ள எட்டிப் பாத்துச்சு. இன்னும் பெருசா சிரிச்சிக்கிட்டே ஏறிடுச்சு."

"ஓட்டினவன்?"

"கண்ணாடி பூரா கருப்புங்க. ஆள் எறங்கவே இல்ல."

எங்கள் பின்னால் யாரோ மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது. பள்ளியின் கம்ப்யூட்டர் டீச்சர். கண்கள் வீங்கியிருந்தன.

"அவங்க வீட்டுல கிளியே கிடையாது" என்றார்.

அங்கேயே, கேட்டுக்கு உள்பக்கம் நின்றபடி டீச்சர் சொன்னது இதுதான். இப்போது யாருடைய குரலையும் கொஞ்சம் பதிவு செய்து மெஷினுக்குக் கொடுத்தால், அது அதே குரலில் எதை வேண்டுமானாலும் பேசும். இதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க, ஒரு நாள் வகுப்பில் ஹெட்மிஸ்ட்ரஸின் குரலில் "நாளைக்கு லீவு" என்று ஒலிபரப்பியிருக்கிறார். பிள்ளைகள் மேசை மேலேறி ஆடியிருக்கிறார்கள். ஆடி முடிந்ததும் அது பொய் என்றிருக்கிறார். மறுநாள் லீவு இல்லாத துக்கத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாடம் மண்டையில் ஏறிவிட்டது.

"அப்புறம் கொக்கி போடச் சொல்லிக் குடுத்தேன். சந்தேகமா இருந்தா, இல்லாத ஒண்ணை இருக்கற மாதிரி கேளுங்க. நெஜ அம்மான்னா 'எந்தக் கிளிடி?'ன்னு திட்டுவாங்க. மெஷினுக்குக் குரல் தெரியும், வீடு தெரியாது. அதுக்குப் பின்னால இருக்கறவன் மாட்டிக்கக் கூடாதேன்னு எல்லாத்துக்கும் தலையாட்டுவான். 'திட்டினா அம்மா, தலையாட்டினா பொம்மை.' பிள்ளைங்க பாட்டாவே பாடுவாங்க."

"பொம்மைன்னு கண்டுபிடிச்சிட்டாளே, பின்ன எதுக்கு ஏறினா?" என்று கேட்டேன்.

டீச்சர் பட்டென்று தன் வாயிலேயே அறைந்துகொண்டார். மறுபடியும் ஓங்கிய கையை அண்ணி பிடித்தார்.

"'ஒரு நாள் சொல்லாம கொள்ளாம டெஸ்ட் வைப்பேன், கண்டுபிடிக்கறவங்களுக்கு பேட்ஜ்'னு சொல்லியிருந்தேன். அவ இதை டெஸ்ட்டுன்னு நெனச்சிட்டா. பாஸாயிட்டோம்னுதான் சிரிச்சிருக்கா. நான்தான் அவளை ஏத்தி அனுப்பினேன்."

நன்றாகப் படிக்கிற பிள்ளை என்பதாலேயே மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

"அடிச்சுக்க அப்புறம் நேரம் இருக்கு டீச்சர். பொம்மைன்னு தெரிஞ்சா அடுத்து என்ன செய்யணும்னு சொல்லியிருக்கீங்க?" என்றார் அண்ணி.

"உள்ளேர்ந்து பூட்டிக்கற இடமாப் பாத்துப் பூட்டிக்கணும். கொக்கில ஜெயிக்காதவங்க யார் வந்தாலும் திறக்கக் கூடாது. போன்ல வர்ற எந்தக் குரலையும் நம்பக் கூடாது. ஒவ்வொரு தடவையும் கொக்கி புதுசா இருக்கணும்."

அண்ணி என் பக்கம் திரும்பினார். "நேத்து நம்ம ஆபீசுக்கு வாங்கின மீன் தொட்டி எப்படிடா இருக்கு?"

"பெரிய மீன் சின்ன மீன்கிட்ட வாடகை கேக்குது அண்ணி" என்றேன்.

அந்த அழுகையிலும் டீச்சர் என்னைப் பார்த்து, "இவர் ஃபெயில்" என்றார்.

"இவன் நாக்கு பொறக்கும்போதே தனியாப் பொறந்தது" என்றபடி அண்ணி பைக்கில் ஏறினார். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. அவ காருக்குள்ள எட்டிப் பாத்துட்டுத்தான் ஏறியிருக்கா."

கிடங்கின் மாடியில் இருந்த ஆபீஸ் அறையில் அந்த அம்மா சாவிக்கொத்தை முஷ்டிக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாவியின் பற்கள் குத்தி உள்ளங்கையில் ரத்தம் கசிந்திருந்தது. அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

பக்கத்தில் அவருடைய தம்பி, அதாவது குழந்தையின் தாய்மாமன். கையில் தண்ணீர் டம்ளர், கண்ணில் தாரை தாரையாய்க் கண்ணீர். நான் நொண்டுவதைப் பார்த்ததும் ஓடிப்போய் ஐஸ் பை எடுத்துவந்து என் முழங்காலில் வைத்தார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்தேன். ஆட்களை எடை போடுவதில் என் தராசு அப்படி.

"அக்கா, சங்கு ஊதறதுக்குள்ள முடிவு பண்ணுக்கா. மருந்து போனா வாங்கிக்கலாம். குழந்தை போனா வருமா? திறந்து விட்டுடுக்கா."

அப்போது போன் அடித்தது. அண்ணி ஸ்பீக்கரை அழுத்தினார்.

"அம்மா..." என்று ஒரு குழந்தை விசும்பியது. "பயமா இருக்கும்மா. இந்த அங்கிள் அடிக்கறாரும்மா. அவங்க சொன்னதைச் செய்மா."

அந்த அம்மாவின் உடம்பு தூக்கிப் போட்டது. "கண்ணு! அம்மா இருக்கேன்டா!" என்று கத்தினார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். தினமும் காலையில் மகள் போட்ட கொக்கிகளுக்கெல்லாம் திட்டித் திட்டிப் பழகியவர் அவர். மூச்சைப் பிடித்துக்கொண்டு, சாதாரணமான குரலில் கேட்டார்.

"உன் நீலக் கலர் சைக்கிளை வாசல்லேர்ந்து எடுத்து உள்ள வச்சிட்டேன்டா. சரியா?"

ஒரு சின்ன இடைவெளி விழுந்தது.

"சரிம்மா. தேங்க்ஸ்மா. சீக்கிரம் அவங்க சொன்னதைச் செய்மா."

லைன் அறுந்தது.

"என் பொண்ணுக்கு சைக்கிளே கிடையாது" என்றார் அந்த அம்மா. "ஓட்டவும் தெரியாது." அதைச் சொல்லி முடித்ததும்தான் அது அவருக்கே உறைத்தது. "கொன்னுட்டாங்க! என் பொண்ணைக் கொன்னுட்டு மெஷினைப் பேச வைக்கறாங்க!" என்று மேசையில் தலையை மோதிக்கொண்டார். நெற்றி கிழிந்தது. மறுபடி மோதப் போனவரை அண்ணி தலைமுடியைப் பிடித்து நிமிர்த்தி, கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார்.



"இப்ப நான் அறைஞ்சதும் உங்களுக்கு நெஜக் கண்ணீர் வந்துதா? அந்தப் பொண்ணு அவன் கைக்கு எட்டற இடத்துல இருந்தா, ஒரு அறையில நெஜ அழுகையே கிடைச்சிருக்கும். மெஷினை ஏன் அழ வைக்கணும்? பொண்ணு அவன் கையில இல்ல. ஒண்ணு நீங்க சொன்ன மாதிரி ஆயிருக்கணும். இல்லேன்னா தப்பிச்சிருக்கணும். நான் நல்லதைப் பிடிச்சிக்கிட்டு ஓடப்போறேன். நீங்களும் என்கூட ஓடி வாங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். தாய்மாமன் நாற்காலி காலியாக இருந்தது. "முகம் கழுவிட்டு வரேன்" என்று முணுமுணுத்துவிட்டுப் போயிருந்தார். அண்ணி என்னைப் பார்த்துப் புருவத்தை ஒரு தடவை தூக்கி இறக்கினார். எழுந்து நொண்டினேன்.

பாத்ரூம் கதவு சாத்தியிருந்தது. உள்ளே குழாய் திறந்திருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு கிசுகிசுப்பு.

"எங்கடா அவ...? வேனுக்குள்ளயா? பூட்டிக்கிட்டாளா? மடையா, அதை ஏன்டா அப்பவே சொல்லல? வெட்டித் திறடா. கீலை வெட்டு... கேளு, அவ என் மூஞ்சியைப் பாத்திருக்கா. உயிரோட வெளிய வரக் கூடாது. புரியுதா?"

சற்று முன்தான் அந்தக் கை என் முழங்காலில் ஐஸ் வைத்தது. கதவை உதைத்துத் திறந்தேன். திறந்த பிறகும் சும்மா இருந்திருக்கலாம்.

"குழாய்ல தண்ணி வருதா சார், இல்ல உங்க கண்ணுலேர்ந்து பிடிச்சுக்கட்டுமா?" என்றேன்.

ஃப்ளஷ் தொட்டியின் பீங்கான் மூடி என் தலையில் இரண்டாக உடைந்தது.

சுவரில் சரிந்தேன். அவன் உடைந்த பாதியின் கூரான முனையால் என் கழுத்துக்குக் குறிவைத்தான். தலையைத் திருப்பினேன். காது கிழிந்தது. அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு முன்னால் பாய்ந்தேன். வாஷ்பேசின் இருவர் எடையையும் தாங்காமல் சுவரோடு பிய்ந்து வந்தது. குழாய் பீய்ச்சியடித்தது. தரையெல்லாம் சிவப்புத் தண்ணீர். அவன் என் மார்பில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கட்டைவிரல்களையும் என் தொண்டைக்குழியில் அழுத்தினான். நான் சொல்ல நினைத்த ஜோக் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

கைப்பை சுழன்று வந்தது. உள்ளே இருந்த பித்தளைப் பூட்டு அவன் மணிக்கட்டைச் சந்தித்த சத்தம், காய்ந்த சுள்ளியை முறித்தது மாதிரி இருந்தது. அவன் அலறிக்கொண்டு உருண்டான். அண்ணி அந்தக் கையின் மேல் செருப்புக் காலை வைத்தார்.

"குரல் பொய்யின்னு தெரிஞ்சும் ஒரு குழந்தை கார்ல ஏறுதுன்னா, கார்ல இருந்த மூஞ்சி நெஜமாயிருக்கணும். தெரிஞ்ச மூஞ்சியா, பிடிச்ச மூஞ்சியா இருக்கணும். டீச்சரோட டெஸ்ட்டுக்கு மாமாவும் உதவி பண்றாருன்னு அது நெனச்சிருக்கு." அண்ணி காலை அழுத்தினார். "கிளிக்கு மிளகாய் வச்சவன் உன் கூட்டாளி. நீ பேசியிருந்தா வீட்டுல கிளி இல்லைன்னு சொல்லியிருப்பே. நீதான் வாசல்ல கார்ல உக்காந்திருந்தியே. சொல்லு, எங்க?"

வாசலில் அந்த அம்மா நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருந்தார்.

"தம்பி," என்றார். "ஏன்டா?"

"மாத்திரை திருடினேன்னு சொந்தத் தம்பியையே இந்தக் கிடங்கிலேர்ந்து தொரத்தினியே, அப்ப உனக்கு எங்கக்கா போச்சு இந்தப் பாசம்?"

அவர் சாவிக்கொத்தை முஷ்டியில் சுற்றிக்கொண்டு குனிந்து அவன் வாயில் குத்தினார். பிறகு மறுபடியும் குத்தினார். பல் ஒன்று தெறித்து என் சட்டைப் பைக்கு அருகில் விழுந்தது. அண்ணி தடுக்கவில்லை. அவன் ரத்தத்தைத் துப்பிக்கொண்டே இடத்தைச் சொன்னான். பாலத்துக்கு அடியில், வங்கிப் பணம் ஏற்றும் வேன்களை ரிப்பேர் பண்ணும் ஷெட். அங்கே இருப்பவன் பெயர் மொட்டை.

எந்த அறையைத் திறக்கச் சொன்னானோ, அதன் இரும்புக் கதவிலேயே அவனைச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு அண்ணி போலீசுக்குச் சொன்னார். "நீ பைக்ல போடா. ட்ராஃபிக்ல புகுந்து போ. நான் இவங்களை, பிள்ளையைக் கடத்த இவன் எடுத்த வாடகைக் கார்லயே கூட்டிட்டு வரேன்."

"அண்ணி, என் தலையில ரத்தம் நிக்கவே இல்ல."

"ஹெல்மெட் போட்டுக்கோ, வெளிய சிந்தாது."

ஷெட்டை அடைவதற்கு முன்பே சத்தம் கேட்டது. இரும்பை இரும்பு அறுக்கும் சத்தம், பல்லெல்லாம் கூசியது.

உள்ளே ஒரு பழைய பண வேன் நின்றது. கனத்த தகடு, கனத்த கண்ணாடி, பக்கவாட்டில் மூடி போட்ட ஒரு சின்ன ஓட்டை. கொள்ளைக்காரன் வந்தால் காவலாளி உள்ளே பூட்டிக்கொண்டு பேசுவதற்கும் சுடுவதற்கும் வைத்த ஓட்டை. டீச்சர் சொன்ன பாடத்தை அந்தப் பெண் இம்மி பிசகாமல் செய்திருந்தாள். அந்த ஷெட்டிலேயே உள்ளிருந்து பூட்டிக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. பின்கதவின் மேல் கீல் ஏற்கெனவே அறுபட்டிருந்தது. கீழ்க்கீலில் இரும்பு அறுக்கும் கிரைண்டரை வைத்து, தீப்பொறி மழையில் நின்றிருந்தான் மொட்டை. அவன் கன்னத்தில் சின்ன நகங்கள் கீறிய கோடுகள் இருந்தன. அவற்றைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"அண்ணே, வாட்டர் சர்வீஸும் உண்டா, இல்ல வெட்டு மட்டும்தானா?"

அவன் திரும்பினான். கிரைண்டரை அணைக்காமலே வீசினான். சக்கரம் என் ஹெல்மெட்டில் உரசி, காதோரமாகப் பள்ளம் போட்டுக்கொண்டு போனது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம். நான் பின்னால் சாய்ந்து பெயின்ட் அலமாரியில் மோதினேன். டின்கள் உருண்டன. பெயின்டில் கலக்கும் தின்னர் தரையில் ஓடியது. அவன் மறுபடி வீசினான். இந்தத் தடவை முன்கையில் இறங்கியது. தோல் பிரிந்து சதை தெரிந்தது. நான் போட்ட கூச்சலை வேனுக்குள் இருந்த குழந்தையும் கேட்டிருப்பாள்.

கைக்குக் கிடைத்தது ஜாக்கிக் கம்பி. முழங்கால் எலும்பைக் குறிவைத்து அடித்தேன். அன்று காலை அந்த இடத்தில் அடி வாங்கியவன் என்பதால் எவ்வளவு வலிக்கும் என்று தெரியும். அவன் சரிந்தான். ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர் அவன் தொடையைக் கிழித்துக்கொண்டு தரையில் விழுந்து, பொறி கக்கியபடி தின்னரில் புரண்டது.

குபீரென்று தீ எழுந்தது.

மொட்டை என் காலைப் பிடித்து இழுத்தான். அவன் மொட்டைத் தலையிலேயே கம்பியை இறக்கினேன். அடங்கினான். சுவரில் இருந்த தீயணைப்பானை எடுத்து அழுத்தினேன். காலி. தீ அலமாரியில் ஏறி, வேனின் பின் டயரைப் பிடித்தது. கதவில் முழுப் பலத்தையும் போட்டு இழுத்தேன். ஒரு கீலில் தொங்கினாலும் உள்தாழ்ப்பாள் விடவில்லை. ஓட்டையின் மூடியைத் தட்டினேன்.

"பாப்பா! கதவைத் திற! தீப்பிடிச்சிருச்சு! உங்கம்மா அனுப்பினாங்க!"

மூடி கொஞ்சம் நகர்ந்தது. ஒரு கண் தெரிந்தது. இமை வீங்கியிருந்தது.

"அப்படீன்னா எங்க வீட்டு நாய்க்குட்டி என்னைக் காணோம்னு அழுதுச்சா?"

பாடம் எனக்குத் தெரியும். டீச்சர் வாயாலேயே கேட்டிருந்தேன். ஆனால் பயந்த குழந்தையைக் கண்டால் சமாதானப்படுத்தத் துடிக்கிற என் நாக்கு, வழக்கம்போல என் அனுமதியைக் கேட்கவில்லை.

"ஐயோ, அழுகையா அழுதுச்சு! வாசலைவிட்டு நகரவே மாட்டேங்குதும்மா!"

"பொம்மை!" என்றது உள்ளேயிருந்து. மூடி படாரென்று சாத்திக்கொண்டது.

"இல்ல பாப்பா! உங்க வீட்டுல நாயே இல்ல! எனக்குத் தெரியும்! கிளியும் இல்ல, சைக்கிளும் இல்ல!"

"மாட்டிக்கிட்டா மாத்திப் பேசுவாங்கன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க!"

வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னை அடித்திருக்கிறார்கள். என் வாயே என்னை இவ்வளவு கொடூரமாக அடித்தது அன்றுதான். ஒரு சமாதானப் பொய்க்காக ஒரு குழந்தை எரியப் போகிறது. அழுதுகொண்டே அண்ணிக்குப் போன் போட்டேன். அம்மாவின் குரல் வந்தது. போனை ஓட்டையோடு வைத்து அழுத்தினேன். தகடு சுட்டது.

"கண்ணு! அம்மாடா! கதவைத் திறடா!"

உள்ளே இருமல் கேட்டது. பிறகு, மெலிந்த குரலில் பதில் வந்தது.

"போன்ல வர்ற அம்மா வேணாம். போன்ல வந்த அம்மாதான் என்னை இங்க அனுப்பினாங்க."

பின் டயர் வெடித்தது. வேன் ஒரு பக்கம் சாய்ந்தது. கம்பியால் கீலை அடித்துக்கொண்டே இருந்தேன். கையிலிருந்து ரத்தம் வழுக்கிக் கம்பி நழுவியது. மறுபடி எடுத்தேன்.

அப்போது ஷெட்டின் தகரக் கதவை இடித்துத் தள்ளிக்கொண்டு அந்தச் சாம்பல் நிறக் கார் வாசலில் மூக்கை நுழைத்தது. அது நிற்பதற்குள் அம்மா குதித்துவிட்டார். தீயைத் தாண்டி வந்தார். ஓட்டையில் இரண்டு கைகளையும் ஊன்றினார். உள்ளங்கைத் தோல் தகட்டில் ஒட்டிக்கொண்டது.

"அம்மா வந்துட்டேன்!"

புகையில் முகம் தெரிந்திருக்காது. உள்ளேயிருந்து இருமலுக்கு நடுவே அந்தக் குரல் கேட்டது. சாகிற நேரத்திலும் பாடத்தை மறக்கவில்லை.

"அம்மா... வெள்ளை முயலுக்குக் கேரட் வாங்கினியா?"

"முயலா?" என்று அந்த அம்மா வீரிட்டார். "எந்த முயல்டி? நம்ம வீட்டுல எங்கடி முயல் இருக்கு? நானே செத்துக்கிட்டிருக்கேன், உனக்குக் கேரட்டு கேக்குதா? திறடி கதவை! இப்ப திறக்கல, முதுகுத் தோலை உரிச்சிடுவேன்!"

தாழ்ப்பாள் விலகியது.

அவ்வளவு அழகான திட்டை நான் என் ஜென்மத்தில் கேட்டதில்லை.

அம்மா குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு ஓடினார். நான் மொட்டையின் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவனை விட்டுவிட்டு வரத்தான் ஆசை. ஆனால் அண்ணி, "சாட்சி வேணும்டா, இழு" என்று கத்தினார். நாங்கள் சாலையைத் தொட்டபோது கூரை உள்ளே விழுந்தது. அண்ணி கைப்பையிலிருந்த பூட்டை எடுத்து, மொட்டையின் காலில் ஒரு சங்கிலியைச் சுற்றி விளக்குக் கம்பத்தோடு பூட்டினார். பல வருஷங்களுக்குப் பிறகு அந்தப் பூட்டுக்குச் சொந்த வேலை கிடைத்தது.

நடைபாதையில் அந்த அம்மா மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெந்த கைகளால் தொட முடியாமல், முழங்கைகளால் அணைத்திருந்தார். குழந்தையின் ஒரு கன்னம் வீங்கியிருந்தது. ஐந்து விரல்களும் பதிந்திருந்தன.

"டெஸ்ட்டுன்னு நெனச்சேன்மா," என்றாள். "அப்புறம் அந்த அங்கிள் அடிச்சப்போதான் டெஸ்ட் இல்லேன்னு தெரிஞ்சுது."

"பேசாதேடா. அம்மா வந்துட்டேன்ல."

அண்ணி தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். குழந்தை குடித்தாள். கொஞ்ச நேரம் எரிகிற ஷெட்டையும், அதன் வாசலில் நின்ற சாம்பல் நிறக் காரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமாவையும் அவங்க ஏமாத்திட்டாங்க, இல்லம்மா? பாவம் மாமா."

அந்த அம்மா சொல்ல வாயெடுத்தார். முடியவில்லை. பத்து வயதுப் பிள்ளையிடம் எந்த அம்மாவால் சொல்ல முடியும்? மெதுவாக, ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

குழந்தை அந்தத் தலையையே பார்த்தாள். பிறகு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கு நன்றாகவே கேட்டது.

"நீ திட்டலையேம்மா."